மறுமொழி: 'காண்டெக்ஸ்சுவலைசேஷன்' – சூழலாக்கம் சரிப்படுமா?

> ஆலைத் தரவு தொடர்பான காண்டெக்ஸ்சுவலைசேஷனுக்குச் 'சூழலாக்கம்' என்று வைத்துவிடலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவும்.

நம் கலைச்சொல் பட்டியலில் அதை ஏற்ற எனக்கு மறுப்பு இருக்கிறது, ஐயா. சூழலாக்கம் என்று சத்தமாகப் படித்தேன். "மரம் நடுற வேலையா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது.

பெயர் வைப்பதற்கு முன் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஆலையிலிருந்து வரும் வெறும் எண்ணோடு, அது எங்கே, எப்போது, எப்படி வந்தது என்ற விவரத்தைச் சேர்ப்பதுதான் காண்டெக்ஸ்சுவலைசேஷன். நான் அனல் மின்நிலையங்களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இருந்தவள். வெப்பம், அழுத்தம், அதிர்வு என்று ஆயிரக்கணக்கான உணரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக், அதாவது அடையாளக் குறி. மின்நிலையக் கருவிகளுக்குக் குறியிடும் கேகேஎஸ் முறையில் '1எல்பிஏ10சிடி001' என்பது போல இருக்கும். எல்பிஏ என்றால் முதன்மை நீராவிக் குழாய், சிடி என்றால் வெப்பநிலை. வாசிக்கத் தெரிந்தவருக்கும் இது பாதிக் கதைதான். திரையில் 480 டிகிரி காட்டுகிறது. சரியா, தப்பா? 210 மெகாவாட் மின் உற்பத்தி அலகு முழுச் சுமையில் ஓடும்போது 535, 540 இருக்க வேண்டும்; அப்போது 480 என்றால் ஷிஃப்ட் இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அலகை இப்போதுதான் ஓடவிட்டுச் சுமை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதே 480 சமர்த்தாக ஏறிவருகிற எண்.

அளவு அலகிலும் வம்பு உண்டு. நம் மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்தவை. 600 மெகாவாட் அலகு 2013-இல் வந்தது. இப்படித் தலைமுறை தாண்டி இயந்திரங்கள் சேரும் எந்த இடத்திலும், அழுத்தம் ஒரு பக்கம் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ, இன்னொரு பக்கம் பார் என்று வந்து நிற்கலாம். 150 கிலோ என்பது 147 பார். வெறும் 150 என்று மட்டும் கணினிக்குப் போனால் அந்த மூன்றுக்கு யார் பொறுப்பு?

எனக்கு இந்தச் சொல்லில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் ஒரு பம்ப். வெளியூர் நிலையம், பெயர் வேண்டாம். ஓவர்ஹால் முடிந்து கட்டும்போது ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு பேரிங்குகளின் வெப்பநிலை வயர்களை மாற்றிக் கட்டிவிட்டார்கள். திரையில் முன் பேரிங் சூடு. போய்த் தொட்டால் பின் பேரிங் கையைச் சுடுகிறது. கண்டுபிடிக்க மூன்று வாரம். அதுவரை ஹிஸ்டோரியனில், அதாவது உணரி அளவுகளைச் சேமித்துவைக்கும் கணினிப் பதிவில், சேர்ந்தது எல்லாம் ஆள்மாறாட்டம், ஆனால் பதிவான எண் ஒவ்வொன்றும் உண்மை! இத்தனைக்கும் அந்தப் பம்ப்புக்கு டேக்கில் ஒரு பெயர், பராமரிப்புப் பதிவில் ஒரு பெயர், ஸ்டோரில் ஒரு பெயர்.

ஆக, ஓர் எண் எந்தக் கருவியில், எந்த நிலையில், எந்த அளவில் பிறந்தது என்று காட்டுவதுதான் வேலை. இதைத்தானே பள்ளித் தேர்வில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று எழுதினோம்? என் பரிந்துரை: இடஞ்சுட்டல். 'இடஞ்சுட்டிய தரவு', 'இடஞ்சுட்டாத தரவு' என்று வினையாகவும் பெயரடையாகவும் வளைகிறது. சூழலாக்கத்தை அப்படி வளைத்துப் பாருங்கள், முறிந்துவிடும்.

– சேலத்திலிருந்து

> ஆக, ஓர் எண் எந்தக் கருவியில், எந்த நிலையில்...

சகோதரி, ஏற்காட்டில் மூடுபனி, கரண்ட் வந்து வந்து போகிறது, அதனால் சுருக்கமாக. இடஞ்சுட்டல் அழகுதான். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு 'இடம்' என்றால் ஜிபிஎஸ். உணரி எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வார்கள். நான் 'அடங்கல்' என்பேன். சர்வே எண் வெறும் எண். அதில் நெல்லா, மரவள்ளியா என்று சொல்வது விஏஓ எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கல்தான்.

> இன்றைய பிள்ளைகளுக்கு 'இடம்' என்றால் ஜிபிஎஸ்.

ஐயா, அதே பிள்ளைகளை "இடம் பொருள் ஏவல் தெரியாமல் பேசாதே" என்று திட்டினால் ஜிபிஎஸ்ஸையா தேடுகிறார்கள்? அந்த இடம்தான் இது.

ஆனாலும் அடங்கலைக் கைவிட எனக்கு மனமில்லை. அது செயலுக்குப் பொருந்தாது, ஏட்டுக்குப் பொருந்தும். எந்த டேக் எந்தக் கருவிக்கு என்று பொருத்தி வைக்கும் அட்டவணைக்கு இதுவரை நம்மிடம் சொல்லே இல்லை. அதை 'டேக் அடங்கல்' என்போம். பசலிக்குப் பசலி (வருவாய்த் துறையின் ஆண்டுக்கு ஆண்டு) அடங்கல் எழுதுவது போல ஓவர்ஹாலுக்கு ஓவர்ஹால் இதையும் எழுத வேண்டும். எழுதியிருந்தால் என் பம்ப் மூன்று வாரம் பொய் சொல்லியிருக்காது.

டேக்குக்குத் தமிழ் இப்போது வேண்டாம். கன்ட்ரோல் ரூமில் அது டேக்தான்.

அப்புறம் ஒன்று: நம் பட்டியலில் ஹிஸ்டோரியனுக்கு நேராக 'வரலாற்றாசிரியர்' என்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள். ஞாயிறு வரை காத்திருக்காமல் அதை முதலில் எடுத்துவிடுங்கள். 'அளவைப் பதிவகம்' என்று போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.