புதுப்பிப்பு: உறுமி மேளப் பதிவில் விழுந்த இடைவெளி

சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் உறுமி மேளத்தைப் பாட்டுவாரியாக வெட்டி எம்பி3 ஆக்கினால், பாட்டு மாறும் இடத்தில் மேளம் அறுகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு அளவீடு) கொண்ட ஃபிரேம்களாகவே, அதாவது சம அளவுத் துண்டுகளாகவே, அடைக்கும். கடைசி ஃபிரேம் நிறையாவிட்டால் மௌனத்தை நிரப்பும். முன்பக்கமும், எம்பி3 ஆக்கும் மென்பொருளான லேம் என்கோடர் வழக்கமாக 576 சாம்பிள் சேர்க்கும். சேர்த்த கணக்கைக் கோப்பிலேயே குறித்தும் வைக்கும். கணினியில் ஃபூபார்2000 என்ற பிளேயர் அதைப் படித்து வெட்டிவிடுகிறது. கோயில் யூஎஸ்பி பிளேயர் கண்டுகொள்வதே இல்லை.

பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை) 320க்கு ஏற்றச் சொன்ன அண்ணே, ஏற்றிப் பார்த்தேன், இடைவெளி அப்படியேதான். ஃபிரேமுக்குச் சாம்பிள் மாறாதே!

இப்போது சுருக்காத மூல வேவ் பதிவை வெட்டாமல் ஒரே எம்பி3 ஆக மாற்றிவிட்டேன். உறுமியின் இழுப்பு முழுசாகக் கேட்கிறது. பாட்டைத் தாண்டிப் போக முடியாது. பூசை நேரத்தில் யாரும் தாண்டப்போவதில்லை.