பாகின் சி ஷார்ப் மேஜர் ஏன் பல் கூசுது?

கேள்வி: நேற்று ராத்திரி டிஜிட்டல் பியானோவை வெர்க்மைஸ்டர் என்ற பழைய ஜெர்மன் இசையறிஞர் வகுத்த சுருதிக்கு மாற்றி, இசையமைப்பாளர் பாகின் 1722 தொகுப்பான ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ வாசித்தேன். சி மேஜர் தேன். சி ஷார்ப் மேஜரில் பல் கூசுது. பெட்டி பழுதா?

பதில்: பழுதில்லைங்க. 12 பஞ்சமங்களை அடுக்கினால் 7 ஆக்டேவைவிட (ஸ்தாயியைவிட) ஏறத்தாழ 23.5 சென்ட் மிஞ்சும்; ஒரு சென்ட் என்பது ஆக்டேவில் 1200-ல் ஒரு பங்கு. அதை வெர்க்மைஸ்டர் நாலே பஞ்சமங்களில் கழித்துவிட்டார். அதனால் சி–இ இடைவெளி 390 சென்ட், சுத்தமான இடைவெளிக்குக் கிட்டத்தில். நீங்க கூசின இடத்தில் அதே வகை இடைவெளி 408, ரொம்ப அகலம்.

கேள்வி கேட்டவர்: பாக் வைத்ததும் இதேதானா?

பதில்: அவர் எழுதிவைக்கவில்லை. அந்தத் தொகுப்பின் முகப்புத்தாளில் பாக் வரைந்த சுழிகளே சுருதிக் குறிப்பு என்று ஹார்ப்சிகார்டு கலைஞர் பிராட்லி லேமன் 2005-ல் எழுதினார். எனக்கென்னவோ பேனா விளையாட்டாகத்தான் படுது.

இன்னொருவர்: எண் விளையாட்டும் உண்டே! பாக் (BACH) பெயரின் எழுத்துகளுக்கு அகரவரிசை எண் போட்டால் பி 2, ஏ 1, சி 3, எச் 8, கூட்டினால் 14. தொகுப்பின் முதல் ஃபியூகின் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வடிவம்) கருப்பொருளிலும் 14 ஸ்வரம். விரல்விட்டு எண்ணினேன்.