பூ வந்தால் தலைகீழாகும் பிரிண்டர்

புதுச்சேரியிலிருந்து:

தொண்ணூறுகளில் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடையில் இருந்தேன். டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கோத்துக்கொண்டிருந்தோம். லேசரில் எடுத்தால் கட்டுப்படியாகாது, ப்ரூஃபை டாட் மேட்ரிக்ஸில் எடு என்றார் முதலாளி. ரிப்பன் மேல் ஊசியால் புள்ளி குத்தி அடிக்கும் பிரிண்டர் அது. பக்கத்தைப் படமாக அனுப்பினால் ஊர்ந்து ஊர்ந்து வரும். அதனால் பிரிண்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளை வைத்து அடிக்க நானே ஒரு டிரைவர், அதாவது பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றி அனுப்பும் நிரல், எழுதினேன். சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளுக்குப் பிரிண்டரில் 130, 133, 138 என்று எண்கள் உண்டு. அவற்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை ஃபான்ட்டில் இருந்த எண்ணிலேயே அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் கூத்து. 'முடிவு' என்பதற்கான 'ஃபான்' வந்ததும் பாதித் தாளை வெளியே தள்ளியது. பூவைச் சொல்லும் 'ஃப்ளேர்' வந்தால் ஹெட் இடக்கோடிக்கு ஓடி, அடித்த வரி மேலேயே அடித்தது. 'ஒஃபிசியெல்' வந்தால் வரியின் மிச்சம் இரட்டை அகலம். கேபிளை மாற்றினோம், ரிப்பனை மாற்றினோம், முதலாளி சூடம் காட்டாத குறை.

கோளாறு என் சோம்பலில் இருந்தது. டெக்கின் கம்ப்யூட்டர் மாடர்ன் ஃபான்ட்டில் 11 முதல் 15 வரை எஃப்போடு ஒட்டிய கூட்டெழுத்துகள்: எஃப்-ஐ 12, எஃப்-எல் 13, இரண்டு எஃப்போடு ஐ சேர்ந்தது 14. பிரிண்டருக்கோ 12 என்றால் அடுத்த பக்கம், 13 என்றால் வரியின் தொடக்கம், 14 என்றால் அகல எழுத்து. 'சகோதரி', 'இதயம்' இரண்டிலும் பிரெஞ்சில் வரும் ஓ-ஈ ஒட்டெழுத்துக்கு எண் 27. அது எஸ்கேப்! அடுத்து வரும் எழுத்தைப் பிரிண்டர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

உட்கார்ந்து, ஃபான்ட்டின் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக 128 வரிக்கு அட்டவணை போட்டேன். எஃப்-ஐ வந்தால் எஃப், ஐ என்று இரண்டு எழுத்து. ஓ-ஈ ஒட்டு அந்தப் பிரிண்டரில் கிடையவே கிடையாது, பிரித்துத்தான் போட வேண்டும். அதோடும் முடியவில்லை. பிரிண்டரில் அங்குலத்துக்கு 10 எழுத்து, எல்லாம் ஒரே அகலம். ஃபான்ட்டில் ஒவ்வொன்றும் ஓர் அகலம். ஒவ்வொரு சொல்லுக்கும் இடத்தை 1/60 அங்குலக் கணக்கில் சொல்லி நிறுத்தினேன். பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் பிழை திருத்த அது போதும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

துறைமுகம் பக்கம் ஒரு மீன் கடைக்குத் தமிழ் பில் கேட்டார்கள். 58 மி.மீ. தெர்மல் பிரிண்டர். யூனிகோடை அப்படியே அனுப்பினேன். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் யூனிகோட் வடிவில் மூன்று பைட். பிரிண்டரோ ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக அடிக்கும். முதல் பைட் எப்போதும் 224. பிரிண்டரின் பழைய அட்டவணையில் அது கிரேக்க ஆல்ஃபா. ஒரு வரிக்கு 32 இடம், அதில் 'வஞ்சிரம்' மட்டும் 24 இடத்தைத் தின்றது, பெரும்பாலும் ஆல்ஃபாவும் கோணல் மேற்கோள் குறியும். "தம்பி, இது எந்த ஊர் மீன்?" என்றார் கடைக்கார அண்ணன்.

தமிழுக்கு அதில் அட்டவணையே இல்லை. கொம்பு யூனிகோடில் மெய்க்குப் பின்னால் நிற்கும், தாளில் முன்னால் வர வேண்டும். அந்தப் புத்தியும் அதற்குக் கிடையாது. வரியைக் கணினியிலேயே வரைந்து, 384 புள்ளி அகலப் படமாக அனுப்பினேன்.

புதுச்சேரியிலிருந்து:

நீங்கள் படமாக அனுப்பித் தப்பித்துவிட்டீர்கள். எங்கள் முதலாளி விட்டிருக்கமாட்டார், ரிப்பன் செலவாகும் என்பார்.