மறுபடியும் அதே 21 நாள் கதையா?

விடியல்வேந்தன்: மனநிலை, பழக்கம், தொழில் வெற்றி மூன்றுக்கும் என் பரிந்துரை இதுதான். காலையில் அரை மணி நேரம் சுயமுன்னேற்றப் புத்தகம், பயணத்தில் தொழிலதிபர்களின் பாட்காஸ்ட், இரவில் அன்று நடந்த நல்லவற்றை எழுதிவைக்கும் நன்றிக் குறிப்பேடு. ஒருநாள்கூட விடாமல் 21 நாள் செய்தால் மூளையே மாறிவிடும். அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது.

கணக்கன்: எந்த அறிவியல் ஐயா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் 'சைக்கோ-சைபர்னெட்டிக்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை அதில் சொன்னார். அது சோதனை அல்ல. நன்றிக் குறிப்பேட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

விடியல்வேந்தன்: சொன்னது டாக்டர்தானே? கீபோர்டு வீரர் இல்லையே. எனக்கு 21 நாளில் மாறியது, அவ்வளவுதான்.

கணக்கன்: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். கட்டுரை 2010-ல் அச்சானது. பழக்கம் படிய இடைநிலை அளவு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குமேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போகிறது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நடுவில் ஒருநாள் விட்டாலும் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. உங்கள் 'ஒருநாள்கூட விடாமல்' அங்கேயே காலி.

சும்மாஇரு: பாஸ், 12 வாரம்னா 84 நாள். அதுல 254-ஐ எப்படிப் பார்த்தாங்க?

கணக்கன்: பழக்கம் நாளுக்கு நாள் படிவதைக் காட்டும் வளைகோட்டை 84 நாளுக்கு அப்பாலும் நீட்டிக் கணித்தார்கள். உங்களுக்கு 254 பிரச்சினை, எனக்கு 21. பேச்சை மாற்றாதீர்கள்.

விடியல்வேந்தன்: ஆக, அதுவும் ஊகம்! லண்டன்காரர் ஊகித்தால் ஆய்வு, நான் சொன்னால் கதை!

கணக்கன்: அவர்கள் எப்படிக் கணித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள்?

கல்லாப்பெட்டி: ரெண்டு தொழில் நடத்தி ஒண்ணை மூடினவன் சொல்றேன். ஜெயிச்சவங்களை மட்டும் உட்கார வச்சுப் பேசுற பாட்காஸ்ட் எனக்கு உதவவே இல்லை. அதே மாதிரி காலையில எழுந்து, அதே மாதிரி உழைச்சுத் தோத்தவனை யாரும் பேட்டி எடுக்குறதில்லை. லாபம் காட்டுற கம்பெனியும் கையில ரொக்கம் இல்லாம படுத்துடும். அதைப் புரியவச்சது ஒரு சாதாரண கணக்கியல் பாடநூல். பட்டியல்ல அதைச் சேருங்க.

கணக்கன்: நல்லது. 21 நாள் பற்றி உங்கள் நிலைப்பாடு?

கல்லாப்பெட்டி: ஒண்ணும் இல்லை.

கணக்கன்: இப்படி நிலைப்பாடு இல்லாதவர்களால்தான் இந்தப் புரளி 60 வருஷம் தாண்டி ஓடுகிறது.

கல்லாப்பெட்டி: அடேங்கப்பா! உங்க பக்கம் பேச வந்தவனையே அடிக்கிறீங்களே.

விடியல்வேந்தன்: இவர் எப்போதும் இப்படித்தான். போன தடவை குளிர்ந்த நீர்க் குளியல் சண்டையில் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை.

கணக்கன்: அதில் பாதியில் ஓடியது நீங்கள்.

சும்மாஇரு: எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேருமே ஓடுனீங்க. ஆமா வேந்தரே, நீங்க '21 நாள் சவால்'னு காசு வாங்கி வகுப்பு எடுக்குறீங்களாமே?

விடியல்வேந்தன்: உழைப்புக்குக் கூலி வாங்குவது குற்றமா? பொறாமைக்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை.

கணக்கன்: ஓ, விஷயம் அதுதானா! 66 என்றால் வகுப்பு விலைபோகாது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், 21 நாள் ஆய்வு எங்கே? இணைப்பைக் கொடுங்கள்.

விடியல்வேந்தன்: வகுப்பில் சேருங்கள், பாடக்குறிப்பில் இருக்கிறது.

கணக்கன்: நான்காவது முறை. இணைப்பு.