எறும்பு காலை வெட்டி வைத்தியம் பார்க்கிறது என்பது உண்மையா?

வானதி கேட்டது:

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. சுவரோரம் எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். போன வாரம் ஐந்து காலோடு போன ஓர் எறும்பைக் காட்டினான். வலது பக்கம் நடுக்கால் இல்லை. உடம்போடு ஒட்டிய இடத்திலேயே போயிருந்தது, துளிகூட மிச்சம் தெரியவில்லை. ஆனாலும் மற்ற எறும்புகளுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. "பிஞ்சு போயிருந்தா கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருக்கணுமேம்மா, இவ்வளவு சுத்தமா எப்படிப் போச்சு?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவே ஒரு காணொளி கண்ணில் பட்டது. அடிபட்ட எறும்பின் காலைக் கூட்டாளி எறும்புகள் கடித்து எடுத்து அதன் உயிரைக் காப்பாற்றுகின்றனவாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவனிடம் சொல்லும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். முன்பு ஒருமுறை, வேறொரு கோளில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தியை நம்பி அவனிடம் சொன்னேன். அவன் பள்ளியில் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அப்புறம் அது முடிவான விஷயமில்லை என்று தெரிந்ததும் அவன் முகம் வாடிப்போனது. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

எறும்பு விஷயம் உண்மையா? உண்மை என்றால், எப்போது வெட்ட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இதேபோல் சமீபத்தில் தெரியவந்த, நம்பிச் சொல்லக்கூடிய விஷயங்கள் இருந்தாலும் எழுதுங்கள். அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

பூச்சிநேசன்:

உண்மைதான். தைரியமாகச் சொல்லுங்கள். பத்து வருடமாகப் பூச்சிகளை மேக்ரோ லென்ஸ் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆய்வு வந்தபோது இரண்டு நாள் வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2024 ஜூலையில் 'கரன்ட் பயாலஜி' இதழில் வந்தது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபிராங்கும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. அவர்கள் பார்த்தது ஃபுளோரிடா கார்பென்டர் எறும்பு. நாம் கட்டெறும்பு என்று சொல்கிறோமே, அந்த இனத்தின் உறவு. செம்பழுப்பு நிறம், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். மட்கிய மரத்தில் கூடு கட்டும். எதிரிக் கூட்டத்தோடு கடுமையாகச் சண்டை போடும், அதில் அடிக்கடி கால் காயமாகும்.

காயம் தொடைப் பகுதியில் என்றால் கூட்டாளி எறும்பு முதலில் அதை வாயால் நக்கிச் சுத்தம் செய்கிறது. அப்படியே காலோடு மேலே நகர்ந்து, கால் உடம்போடு சேரும் மூட்டுக்கு வந்து, அங்கே திரும்பத் திரும்பக் கடிக்கிறது. கால் தனியாக வரும்வரை விடுவதில்லை. குறைந்தது நாற்பது நிமிடம் ஆகும். அடிபட்ட எறும்பு அந்த நேரம் முழுக்கக் காலை நீட்டிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. ஓடுவதில்லை, திருப்பிக் கடிப்பதும் இல்லை. எறும்பைக் கேமராவில் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது நாற்பது நொடி ஓரிடத்தில் நிற்பதே பெரிய விஷயம். அதனால்தான் அந்த நாற்பது நிமிடம் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

காயம் முழங்காலுக்குக் கீழே என்றால் வெட்டுவதே இல்லை. நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி, ஆனால் அதை வெகுநேரம் செய்கின்றன.

எறும்பு இப்படி வித்தியாசம் பார்ப்பது ஏன் என்று கண்டுபிடிக்க, நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுத்துக் காலின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். எறும்புக்கு நம்மைப் போல இரத்தக் குழாய் வலைப்பின்னல் கிடையாது, உடல் முழுக்க ஒரு திரவம் சுற்றிக்கொண்டிருக்கும். தொடைக்குள் தசை நிறைய. அந்தத் தசைகள்தான் திரவத்தை ஓட்டுகின்றன. தொடையில் அடிபட்டால் தசை சிதைகிறது, ஓட்டம் குறைகிறது, கிருமி உடம்புக்குள் போய்ச் சேர நேரம் எடுக்கிறது. நாற்பது நிமிடம் உட்கார்ந்து வெட்ட அவகாசம் கிடைக்கிறது. முழங்காலுக்குக் கீழே அந்தத் தசை அவ்வளவு இல்லை. காயம் பட்டாலும் ஓட்டம் தடைபடாது, கிருமி விறுவிறுவென்று ஏறிவிடும். வெட்டி முடிப்பதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

இதோடு விடவில்லை. முழங்காலுக்குக் கீழே கிருமிக் காயம் பட்ட எறும்புகளின் காலை ஆய்வாளர்களே வெட்டிப் பார்த்தார்கள். உயிர் பிழைப்பது கூடவில்லை. அதாவது அந்த இடத்துக்கு எறும்பு எடுக்கும் முடிவுதான் சரி. தொடைக் காயத்தை அப்படியே விட்டால் பிழைப்பது சுமார் 40 சதவீதம், கூட்டாளிகள் வெட்டிவிட்டால் 90 சதவீதத்துக்கு மேல். கீழே பட்ட காயத்தில் கவனிப்பு இல்லையென்றால் 15 சதவீதம், சுத்தம் செய்தால் 75.

எப்படித் தெரிகிறது என்று கேட்டீர்கள். யாரும் சொல்லிக் கொடுத்துக் கற்றது போல இல்லை, பிறவியிலேயே வருவது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மருந்து போடும் எறும்பும் உண்டு. ஆப்பிரிக்காவின் மதபேலே எறும்புகள் கறையானை வேட்டையாடிச் சாப்பிடுபவை. அந்தச் சண்டையில் காயம்பட்டவற்றைக் கூட்டுக்குத் தூக்கி வருகின்றன. கிருமி ஏறிய காயம் எது, ஏறாத காயம் எது என்று உடலின் மேற்பூச்சில் ஏற்படும் ரசாயன மாற்றத்தை வைத்துத் தெரிந்துகொள்கின்றன. ஏறிய காயத்துக்குத்தான் அதிகமாக மார்புப் பக்கம் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு திரவத்தை எடுத்துத் தடவுகின்றன. 2023-இல் வந்த ஆய்வு இது. கட்டெறும்பின் உறவான அந்த ஃபுளோரிடா எறும்புக்கு இந்தச் சுரப்பி கிடையாது. மருந்து இல்லாத இனம் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்!

தென்றல்:

மேலே இருப்பதைப் படித்துவிட்டு என் கணவரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

அண்டார்டிகாவில் கிங் ஜார்ஜ் தீவு. அங்கே தாடைக்குக் கீழே பட்டை கட்டியது போல் முகத்தில் கறுப்புக் கோடு உள்ள சின்ஸ்ட்ராப் பெங்குவின்கள் கூடு வைக்கின்றன. ஆணோ பெண்ணோ ஒன்று கடலுக்கு இரை தேடிப் போகும், மற்றது முட்டையைக் காத்து நிற்கும். ஸ்குவா என்ற பறவை முட்டையைத் திருட வரும். பக்கத்துக் கூட்டுப் பெங்குவினும் கூழாங்கல்லைத் திருடும். அப்படியென்றால் எப்போதுதான் தூங்கும்?

பதினான்கு பெங்குவின்களின் மூளை அலையைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரு தடவைக்குச் சராசரியாக நான்கு நொடி தூக்கம். ஒரு நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல். எல்லாம் கூட்டினால் பதினோரு மணி நேரம்! கூட்டத்தின் ஓரத்தில் கூடு வைத்தவை நடுவில் இருப்பவற்றைவிட நன்றாகத் தூங்கினவாம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன், ஓரத்தில்தானே ஸ்குவா வரும்? ஆனால் நடுவில் அக்கம்பக்கத்துச் சத்தமும் இடித்துக்கொள்வதும் அதிகம்.

என் மகள் பிறந்த புதிதில் தொட்டிலில் ஒரு கை வைத்தபடியே கண் மூடித் திறந்த இரவுகள் இருந்தன. கண் மூடியதே தெரியாது, ஆனால் விடியும்போது எழுந்து நடமாட முடிந்தது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதத் தாய்க்கும் அதே மாதிரி உடம்பு தேறும் என்று ஆய்வு சொல்லவில்லை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் குஞ்சை வளர்த்து எடுக்கும் அளவுக்குப் பெங்குவினுக்கு அந்தத் தூக்கம் போதுமானதாக இருக்கிறது.

கதிர்:

வானதி அக்கா, கோள் பற்றிய செய்தி 2025 ஏப்ரலில் வந்த K2-18பி என்று நினைக்கிறேன். 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கோள். அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான அறிகுறியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியதாகக் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது, அதனால்தான் அவ்வளவு பரபரப்பு. ஆனால் அவர்களே அதை 3 சிக்மா அளவு என்றுதான் சொன்னார்கள். சிக்மா என்பது ஒரு முடிவு தற்செயலாக வந்ததல்ல என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கான அளவு. கண்டுபிடிப்பு என்று ஏற்க வழக்கமாக 5 சிக்மா வேண்டும். வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்தபோது அந்த அறிகுறி உறுதியாகத் தெரியவில்லை. தம்பியிடம் 'பொய்' என்று சொல்லிவிடாதீர்கள். 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொல்லுங்கள்.

அவனுக்குப் பிடிக்கக்கூடிய கதை ஒன்று சொல்கிறேன். 1998-இல் ஜொனாதன் ஸெர் என்பவர் பசிபிக் கடல் நீரில் ஒரு துண்டு டி.என்.ஏ.வைக் கண்டார். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் ஏதோ ஓர் உயிரினுடையது, ஆனால் அந்த உயிர் எது என்று தெரியவில்லை. ஜப்பானில் கியோகோ ஹகினோ என்பவர் ஒரு கடற்பாசியை ஆய்வகத்தில் வளர்க்கப் பத்து வருடத்துக்கு மேல் போராடினார். மாதிரி எடுக்க மட்டும் முந்நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறார். கடைசியில் வளர்ந்தது. அந்த மர்ம உயிர் இந்தப் பாசியின் செல்லுக்குள்தான் இருந்தது.

அது வெறும் விருந்தாளியும் இல்லை. பாசி செல் பிரியும்போது அதுவும் பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் பாதியளவைப் பாசியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. தனி உயிராக இருந்த பாக்டீரியா செல்லின் உறுப்பாகவே மாறிவிட்டது. 2024-இல் அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை பாக்டீரியா வகை நுண்ணுயிர்களால் மட்டும்தான் முடியும் என்று நான் கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த வரியை மாற்ற வேண்டும்.

வானதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மூன்று பதிலையும் படித்துக் காட்டினேன். பெங்குவினுக்கு நான்கு நொடி எண்ணிப் பார்த்தான், கதிர் சொன்னதற்கு "முந்நூறு தடவையா?" என்று இரண்டு முறை கேட்டான். ஆனால் எறும்பில்தான் நின்றுவிட்டான். பூச்சிநேசன் ஐயா, அவன் கேட்கச் சொன்னது: "நம்ம சுவரில் போன எறும்புக்கும் ஆபரேஷன்தானா?"

பூச்சிநேசன்:

அதை நம்மால் சொல்ல முடியாது. அது என்ன இனம் என்று தெரியாமல் சொல்வது தவறு. சண்டையிலும் கால் அடியோடு போகலாம். ஆனால் கேள்வி அருமை. ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கால் குறைந்த எறும்பைப் பார்க்கும்போதெல்லாம் எந்தப் பக்கம், எத்தனையாவது கால், எந்த இடம்வரை மிச்சம் என்று குறித்துக்கொள்ளட்டும். வெட்டுமுனை கறுத்து உறைந்திருந்தால் பழைய காயம்.

வானதி:

வாங்கியாயிற்று. இன்று மாலை மூன்று மணி நேரம் பார்த்து இரண்டு எழுதியிருக்கிறான். அவன் எழுதியபடியே தருகிறேன்: "1. இடது பின்கால். முழங்கால் வரைக்கும் இருக்கு. நுனி கறுப்பு. நல்லா நடக்குது. 2. வலது முன்கால் அடியோட இல்லை. இன்னொரு எறும்பு பக்கத்துல நின்னு அந்த இடத்தைத் தொட்டுச்சு. 11 நொடி எண்ணினேன். அப்புறம் ரெண்டும் ஓட்டைக்குள்ள போயிடுச்சு."