மதிப்பெண் போடுகிறவரே ஆலோசகராகவும் இருக்கலாமா?

புதிய ஆசிரியை:
நர்சிங் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்து இது எனக்கு இரண்டாம் ஆண்டு. வரும் பருவத்திலிருந்து ஆசிரியர் ஒவ்வொருவரும் 15 மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்து, மாதம் ஒருமுறை கட்டாயம் சந்திக்க வேண்டும் என்று துறையில் முடிவாகியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வார்டில் யாருடைய செய்முறைக்கு நான் மதிப்பெண் போடுகிறேனோ, அதே 15 பேரைத்தான் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இது ஒத்துவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய தொப்பி:
ஒத்துவரும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 26 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மாணவியைப் பார்த்திராத ஆலோசகரிடம் மதிப்பெண் பட்டியல் மட்டும்தான் இருக்கும். ‘மருந்தியல், தோல்வி’ என்பதற்கு மேல் அதில் என்ன தெரியும்?

ஒரு மாணவி மருந்துக் கணக்குத் தேர்வில் இரண்டு முறை தவறினாள். கணிதத்துக்கு டியூஷன் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவளை எதிரில் உட்கார வைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். 1000 மில்லி சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விடும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மளமளவென்று பெருக்கினாள், 8ஆல் வகுத்தாள், 2500 என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். மணியை நிமிடமாக்கி 480ஆல் வகுத்திருந்தால் 42 வந்திருக்கும். அந்தப் பிழை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 2500 என்று எழுதிய பிறகும் அவள் முகம் மாறவில்லையே, அதுதான் உறுத்தியது. ஏனென்றால் முந்தின நாள்தான் வார்டில் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சொட்டு எண்ணியதைப் பார்த்திருந்தேன். கச்சிதமாக எண்ணினாள். “நேற்று எண்ணினாயே, அந்த டிரிப்பில் இது சொட்டாகவா விழும், குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஊற்றுமா?” என்றேன். சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த விடையையும் மனக்கண்ணில் சொட்டவிட்டுப் பார்த்துத்தான் எழுதினாள். டியூஷன் தேவைப்படவில்லை. வார்டில் அவளைப் பார்த்திராதவருக்கு அந்தக் கேள்வி வாயில் வந்திருக்குமா?

இரவு டூட்டி:
மேடம், 2500 சொட்டுக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது விடைத்தாளில் இருக்கும் பிழை; மறைக்க முடியாது. மறைக்கக்கூடிய பிழைகளை என்ன செய்வீர்கள்?

இப்போது ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு படித்தபோது நோயாளியிடம் இரத்தம் எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடப்போய் விரலில் குத்திக்கொண்டேன். உடனே ஆலோசகரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. என் ஆலோசகர்தான் அந்த வார்டுக்கு மதிப்பெண் போடுபவர். மூடியைத் திரும்பப் போடாதே என்று முந்தின வாரம்தான் பத்துப் பேர் நடுவில் என்னைக் கண்டித்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவினேன், பிளாஸ்டர் ஒட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்! 50 மணி நேரம் கழித்து, அறைத்தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேறொரு ஆசிரியையின் முன்னால் நிறுத்தினாள். அவர் எனக்கு மதிப்பெண் போடாதவர். அவரிடம்தான் வாய் திறந்தேன். நோயாளிக்குத் தொற்று எதுவும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்ததால் பிழைத்தேன்.

பழைய தொப்பி:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மா. ஆனால் பத்துப் பேர் நடுவில் கண்டித்தது அந்த ஆசிரியையின் குணக்கோளாறு. அதற்காக ஏற்பாட்டையே குறை சொல்வதா? ஊசி குத்தியதை என்னிடம் அன்றைக்கே வந்து சொன்ன மாணவிகள் இருக்கிறார்கள்.

இரவு டூட்டி:
சொன்னவர்களைத்தான் உங்களுக்குத் தெரியும் மேடம்.

கோப்புக்காரர்:
நான் மாணவர் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவன். வார்டுப் பக்கம் வந்ததில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

கட்டாயச் சந்திப்பை மட்டும் யாரும் கைவிட்டுவிடாதீர்கள். ‘என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்’ என்று உட்கார்ந்திருந்தால் நன்றாகப் படிக்கிறவள்தான் வருவாள். தடுமாறுகிறவள் அந்தக் கதவைத் தாண்டி வேகமாக நடப்பாள். நர்சிங் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. அடியில் ஒரு தாள் நின்றுபோனால் அதன் மேலுள்ள வார்டுப் பயிற்சியும் சேர்ந்து நிற்கும், சில சமயம் முழு ஆண்டே போய்விடும். முதல் தேர்வு முடிவு வந்த பிறகு கூப்பிடுவது தாமதம். மூன்றாம் நான்காம் வாரத்திலேயே கூப்பிடுங்கள்.

மற்றொன்று, மாணவர் ஆலோசனை பற்றி பர்ன்ஸ் குரூக்ஸ்டன் 1972இல் எழுதிய கட்டுரை. ஆலோசகர்களில் மருத்துவரைப்போல் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர் ஒரு வகை, மாணவரோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு கூடவே யோசிக்கிறவர் இன்னொரு வகை என்று பிரித்தார். நர்சிங் ஆசிரியர்களே சீட்டு எழுதும் வகையாக இருப்பது எனக்கு வேடிக்கையாகப் படும்.

பழைய தொப்பி:
சீட்டைக் கேலி செய்யாதீர்கள் ஐயா. தொடக்க நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை நர்ஸுக்கு ஐந்து படிகள் என்று 1984இல் பாட்ரீசியா பென்னர் எழுதினார். முதல் படியில் நிற்பவள் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அவளிடம் போய் ‘நீயே யோசித்துச் சொல்’ என்றால் நடுத்தண்ணீரில் கையை விட்டதுபோல் ஆகிவிடும். முதலாண்டுக்காரிக்குச் சீட்டு எழுதித்தான் கொடுப்பேன்: இந்த வாரம் இதைப் படி, இந்த நாள் வந்து காட்டு. கடைசி ஆண்டுக்காரியிடம் வேண்டுமானால் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன்.

மூன்றாமாண்டு மாணவி:
மாதச் சந்திப்பு எங்களுக்கும் உண்டு. தாழ்வாரத்தில் வரிசையாக நிற்போம், ஆளுக்கு நான்கு நிமிடம். “பிரச்சினை ஏதாவது?” “இல்லை மேடம்.” கையெழுத்து. பதிவேட்டில் முதல் பெயருக்கு நேராக ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கும், கீழே 14 பேருக்கும் மேற்படிக்குறி. அந்த 14 பேரில் ஒருத்தி அன்று காலையில்தான் முதன்முதலாக ஒரு நோயாளி இறப்பதைப் பார்த்து, உடலைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்கும் மேற்படிக்குறிதான்.

ஒரே ஒரு ஆசிரியை மட்டும் வேறு மாதிரி கேட்டார்: “நேற்று வார்டில் எந்த நேரத்தில் உனக்குப் பயமாக இருந்தது?” நான் அரைமணி நேரம் பேசினேன். இரவுப் பயிற்சி முடிந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்றும் அவர்தான் கேட்டார். மதிப்பெண் போடுபவரா இல்லையா என்பதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மன்னிக்கவும், இரவு டூட்டி அக்கா.

இரவு டூட்டி:
மன்னிப்பு எதற்கு? ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊசி குத்தியிருந்தால் அவரிடம் சொல்லியிருப்பாயா?

மூன்றாமாண்டு மாணவி:
அவர் வேறு வார்டு, எனக்கு மதிப்பெண் போடுவதில்லை. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

புதிய ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு யோசனை. பக்கத்து வார்டு ஆசிரியையும் நானும் மாணவர்களை மாற்றிக்கொண்டால்? நான் மதிப்பிடும் 15 பேருக்கு அவர் ஆலோசகர், அவருடைய 15 பேருக்கு நான். சந்திப்புக்கு முன் இருவரும் மாணவிக்குத் தெரிந்தே பத்து நிமிடம் பேசிக்கொள்ளலாம்.

பழைய தொப்பி:
பத்து நிமிடத்தில் ‘சுறுசுறுப்பானவள், கணக்கில் மந்தம்’ என்றுதான் சொல்வீர்கள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொட்டு எண்ணியது அந்தப் பேச்சில் வராது. நானாக இருந்தாலும் சொல்ல மறந்திருப்பேன்.

இரவு டூட்டி:
அந்த நஷ்டம் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது தாங்கக்கூடிய நஷ்டம். மாற்றிக்கொள்வதாக இருந்தால் முதல் சந்திப்பிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: நோயாளிக்கு ஆபத்து, அல்லது உன் உயிருக்கே ஆபத்து என்றால் மேலே சொல்லியே ஆக வேண்டும், மற்றவை இந்த அறையைத் தாண்டாது. எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் அதற்குள் நின்று பேச வரும்.

கோப்புக்காரர்:
மாற்றிக்கொள்வதற்குப் பதிவேட்டில் தடை எதுவும் இல்லை. ஒதுக்கீட்டுப் பட்டியலில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் போதும். மேற்படிக்குறி போடும் வசதியை எடுத்துவிடலாமா என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய தொப்பி:
இரவு டூட்டி, ஒன்று கேட்க வேண்டும். அந்த வேறொரு ஆசிரியை முதலில் உங்களிடம் என்ன கேட்டார்?

இரவு டூட்டி:
“எத்தனை மணிக்குக் குத்தியது?” என்று கேட்டார். நான் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். எப்படிக் குத்தியது என்று மறுநாள்தான் கேட்டார்.

பழைய தொப்பி:
நான் முதலில் ‘எப்படி’ என்றுதான் கேட்டிருப்பேன்.