கிளிமூக்கு விசிறிவால்: கண்காட்சிக்குக் கொண்டு போன அனுபவங்கள்

என் முதல் கண்காட்சி திண்டுக்கல் பக்கம். கொண்டு போனது கிளிமூக்கு விசிறிவால் இனத்தில் ஒரு கீரி நிறச் சேவல், இரண்டு வயது முடிந்திருந்தது. பொரித்த நாளில் இருந்து என் கையில் வளர்ந்தவன். மூக்கு குட்டையாகக் கிளி மூக்கு போலவே வளைந்து இறங்கும். வால் தரையைத் தொடும். முந்தின நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, கால் செதிலைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கொண்டைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினேன். பழைய வேட்டியை விரித்து வெயிலில் நிறுத்தி வாலை ஒவ்வொரு இறகாகக் காய வைத்தேன். வீட்டில் யாரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கே வரிசையாகக் கூண்டுகள். மயில், காகம், வல்லூறு, பொன்னிறம் என்று எல்லா நிறமும் இருந்தது. ஆந்திராவில் இருந்தும் கர்நாடகாவில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். என் கூண்டு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் வாலைத்தான் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். “தம்பி, கையில எடுத்துப் பாக்கலாமா?” என்று கேட்டார். கொடுத்தேன். அவர் வாலைப் பார்க்கவே இல்லை. சேவலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலது கையை அடியில் கொடுத்து, நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக ஒரே விரலால் மெதுவாகத் தடவினார். பாதியில் விரல் நின்றது. திரும்பவும் தடவினார். அப்புறம் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நேராக வந்த எலும்பு அந்த இடத்தில் இடப் பக்கமாக ஒதுங்கி, ஒரு சின்னக் குழியோடு மறுபடி கீழே போனது. இரண்டு வருடமாக நான் தினமும் தூக்கிய சேவல். ஒரு தடவைகூட அங்கே கை வைத்துப் பார்த்ததில்லை.

“எத்தன மாசத்துல கழியில ஏத்துன?”

“மூணு மாசம் இருக்கும் அய்யா. வால் அழுக்காகாம இருக்கட்டும்னு.”

“மூணு மாசத்துல அதுக்கு ஏதுய்யா வாலு?”

எனக்குப் பதில் இல்லை. அவர் திட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். குஞ்சுப் பருவத்தில் நெஞ்செலும்பு குருத்தாகத்தான் இருக்கும். இந்த இனம் நல்ல கனம் ஏறும். ஒல்லியான கழியில் ராத்திரி முழுக்க அந்தக் கனத்தைப் போட்டு உட்கார்ந்தால் எலும்பு வளையாமல் என்ன செய்யும்? தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும், வெயில் படாமல் அடைத்து வளர்த்தாலும் வளையும், சில வம்சத்தில் பிறவியிலேயே வரும் என்றார். ஆனால் என் சேவல் விஷயத்தில் கழிதான் காரணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கழி என் கட்டை விரல் தடிமன்கூட இல்லை.

அன்றைக்குப் பரிசு வரவில்லை, அது பெரிய விஷயமும் இல்லை. திரும்பி வந்ததும் கழியை எடுத்துவிட்டேன். அடுத்து பொரித்த ஒன்பது குஞ்சுகளையும் ஐந்து மாதம் வரை தரையிலேயே வைத்தேன், கீழே நாலு விரல் கனத்துக்கு நெல் உமி. காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வெளியே விட்டேன். கம்பும் சோளமும் வழக்கம் போல, கூடவே கிளிஞ்சல் தூள். அப்புறம்தான் கழி. அதுவும் அகலமான பலகை, மேல் விளிம்பு இழைத்தது. வாரம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் எடுத்து அதே மாதிரி ஒரே விரலால் தடவிப் பார்ப்பேன். ஒன்பதும் நேர் எலும்பு. கீரியும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். கண்காட்சிக்குக் கொண்டு போவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் கூவுவது அவன்தான்.

* * *

பல்லடத்தில் இருந்து:

அண்ணா, உங்களுக்கு எலும்பு, எனக்கு வால். கண்காட்சிக்குச் சேவலை பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனேன். பெட்டி நீளம் பத்தவில்லை, வாலை மடக்கி வைத்தேன். இறங்கித் திறந்தால் நீள இறகில் இரண்டு நடுவில் முறிந்து தொங்கியது. முறிந்த இறகு தானாக வளராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடிக்குருத்தோடு பிடுங்கினால் புதுசு முளைக்கும், இல்லாவிட்டால் அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். நான் பிடுங்கவில்லை, அவனுக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டேன். ஆடியில் உதிர்த்தான், கார்த்திகைக்கு மேல்தான் முழு வால் வந்தது. புது இறகு ரத்தக் குருத்தாக இருக்கும்போது யாரையும் தொட விடவில்லை, அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. இப்போது ஆசாரியிடம் சொல்லி நாலடி நீளத்தில் பலகைப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். வாலைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிவிடுவேன்.

* * *

சிவகங்கையில் இருந்து:

தம்பிகளா, போகும்போது நடப்பதை எழுதிவிட்டீர்கள். நான் திரும்பி வந்த பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் கண்காட்சியில் ஒரு வெடைக்கோழி பிடித்திருந்தது, வாங்கி வந்தேன். நன்றாகத் தெளிவாக இருந்தது, அன்றைக்கே மற்றக் கோழிகளோடு விட்டுவிட்டேன். ஆறாம் நாள் காலையில் என் குஞ்சுகளில் ஒன்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தது. மறுநாள் இன்னொன்று கழுத்தைத் திருகித் திருகி வானத்தைப் பார்த்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும், அலகு கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையைக் கொத்தும். கிண்ணத்தை எடுத்து அதன் வாய்க்குக் கீழே பிடித்தேன், அப்போதும் குடிக்க முடியவில்லை. பதினாலு குஞ்சில் பதினொன்று போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல்.

பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் பெரிய கோழிகளுக்கு ஊசி போட்டிருந்தேன், அவை தப்பித்தன. குஞ்சுகள் அதற்கப்புறம் பொரித்தவை. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, அதாவது வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, விட்டிருக்க வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு, என்னிடம் இருப்பதோ பதினாலு, மிச்சத்தை எடுத்து வைக்கவும் முடியாது, வீணாகுமே என்று தள்ளிப்போட்டேன். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

இப்போது வெளியில் போய் வந்த சேவலானாலும், புதிதாக வாங்கியதானாலும், 21 நாள் கொல்லைப்புறத்தில் தனிக் கூண்டு. அதற்குத் தனிக் கிண்ணம், தனிச் செருப்பு, கடைசியில்தான் அதற்குத் தீனி. குப்பிக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் கோழி இருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் காலையில் ஐந்து வீட்டுக் கூடையும் என் திண்ணைக்கு வந்துவிடும். ஐஸ் போட்ட டம்ளருக்குள் குப்பியை நிறுத்தி, கலக்கி, மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு சொட்டு. அது கண்ணை மூடித் திறக்கும் வரை கையிலேயே வைத்திருப்பேன். போன தடவை 63 குஞ்சு. வெடைக்கோழியும் தப்பிப் பிழைத்து இப்போது அடையில் இருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமை 21ஆம் நாள்.